வண்டிக்குத் தண்ணி

சங்கரசுப்பு தொழுவத்தில் நின்ற காரின் சாவியைத் திருப்பினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருப்பினான். சிவப்பு விளக்கு எரியவில்லை. ஹாரனை அழுத்திப் பார்த்தான். தெரு முனை தாண்டிக் கேட்கும் ஹாரன் அது. இப்போது ஒரு முனகல்கூட இல்லை.

"என்ன அத்தான், மாமாகூட இதுவும் கெளம்பிட்டா?"

தொழுவத்து வாசலில் குருநாதன் நின்றான். சங்கரசுப்புவுக்கு மாமா மகன். சாவு வீட்டில் துட்டி கேட்க டிராக்டரிலேயே வந்திருந்தான். கண் சிவந்திருந்தது. அழுது முடித்ததும் கேலி வந்துவிடும் அவனுக்கு.

"வாய மூடுலே. பானட்டத் தூக்கு."

வீட்டுக்குள் அப்பா குற்றாலிங்கம் கிடந்தார். விடியும் நேரத்தில் போயிருந்தார். திருநெல்வேலி பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் சங்கரசுப்பு முந்தின நாள் சாயங்காலம்தான் அவரைப் பார்க்கச் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தான். இப்போது வாசுதேவநல்லூர் போய் அத்தையைக் கூட்டிவர வேண்டும். பார்வதியம்மாள், அப்பாவுக்கு மூத்தவள். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அவளால் பஸ் ஏற முடியாது. ஆவணி முகூர்த்தம், ஊரிலிருந்த வாடகைக் கார்கள் எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தன. முதல் பஸ் கண்டக்டரிடம் சேதி மட்டும் சொல்லிவிட்டிருந்தார்கள்.

அக்கா முகம் பார்க்காமல் தம்பியைத் தூக்க முடியாது. அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இந்த வீட்டில் இன்னொன்றும் உண்டு. வண்டியை விலைக்குக் கேட்டு வந்த தரகர்களிடம் அப்பா ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார்.

"அக்காவுக்கு ஒண்ணுன்னா நான் போகணும். எனக்கு ஒண்ணுன்னா வண்டி போகணும். குடுக்கதுக்கு இல்ல."

ஒரு பக்கம் கைகால் இழுத்துப் படுக்கையில் விழுந்த பிறகும் சாவியைத் தலையணைக்கடியில்தான் வைத்திருந்தார். இரண்டு வருஷம். யாரையும் தொடவிடவில்லை. எழுந்து தானே ஓட்டப்போவதாகச் சாடை காட்டுவார். இன்று காலை அம்மா அந்தத் தலையணையைத் தூக்கி, சாவியை எடுத்து, மகன் கையில் கொடுத்தாள்.

குருநாதன் பானட்டைத் தூக்கிப் பிடித்தான். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் என்று சங்கரசுப்பு நினைத்திருந்தான். இல்லை. இரண்டையும் யாரோ துணியால் துடைத்து விளக்கெண்ணெய் தடவியிருந்தார்கள்.

"நேத்து வர ஓடுன வண்டி மாதிரில்லா இருக்கு."

"ம்."

கிளாம்ப்புகளைக் கழற்றிக் கத்தியால் சுரண்டினான். திரும்ப மாட்டி இறுக்கினான். சாவி. ஒன்றுமில்லை. பின்விளக்கிலிருந்து ஒரு பல்பைக் கழற்றி, வயர் வைத்து, நேராக இரண்டு முனைகளிலும் தொட்டான். பல்புக்குள் இருக்கும் கம்பி சிவக்கக்கூட இல்லை. கோளாறு வயரில் இல்லை, சுவிட்சில் இல்லை. பேட்டரியில்தான்.

"உள்ள பாக்கணும். இருட்டா இருக்கு. டார்ச் எடுத்தாரேன்."

உள்ளே பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா காந்திமதியம்மாள் தலைமாட்டில் இருந்தாள். அழவில்லை. மேலத் தெருப் பெரியம்மை ஒருத்தி அவள் தோளில் கை வைத்துக்கொண்டு விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசில தண்ணி கேட்டாவளாக்கும்?"

"ஆமா."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"படுத்தமேனிக்கா?"

அம்மா தலைமாட்டுத் துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"பொறையேறிட்டோ என்னமோ. வயசானவியளுக்கு அப்பிடித்தான், ஒரு வாய்த் தண்ணி போதும்."

பெரியம்மை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. துட்டி வீட்டில் எல்லோரும் எதையாவது சொல்வார்கள்.

சங்கரசுப்புவை எழுப்பியதே அப்பாவின் இருமல்தான். அவன் ஓடிவந்தபோது அம்மா கையில் தண்ணீர் புகட்டிய பாலாடையோடு உட்கார்ந்திருந்தாள். அப்பாவைத் தூக்கி நிமிர்த்துவதற்குள் முடிந்துவிட்டது. கம்பவுண்டர் வந்து பார்த்து, "நெஞ்சுதான்" என்றார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பாலாடையை அம்மா இன்னும் கீழே வைக்கவில்லை. இடுப்புச் சொருகலில் அதன் மூக்கு துருத்திக்கொண்டு தெரிந்தது.

யாரோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. பானை அம்மாவுக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது.

"ஏட்டி பேச்சி, அந்தப் பிள்ளைக்குத் தண்ணி மோந்து குடு" என்றாள் அம்மா, அந்தக் கோடியில் இருந்த வேலைக்காரியைப் பார்த்து.

அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குத் திரும்பினான்.

ஆறு மூடிகளையும் திருகி எடுத்தான். இரண்டு வருஷம் நின்ற பேட்டரி. உள்ளே வறண்டு, தகடுகள் வெளியே தெரியும் என்று எதிர்பார்த்தான். டார்ச் வெளிச்சம் தண்ணீரில் பட்டுத் திரும்பியது. ஆறு அறையிலும் கழுத்துவரை நிறைந்திருந்தது. தெளிந்த தண்ணீர். அடியில் தகடுகள் வெளுத்துக் கிடந்தன.

"பரவாயில்லையே. தண்ணி தளும்புது" என்றான் குருநாதன்.

சங்கரசுப்பு மாடக்குழியைப் பார்த்தான். அப்பாவின் சாமான்கள் அங்கேதான் இருக்கும். மிதவை போட்ட கண்ணாடிக் குழாய், ஸ்பானர்கள், டிஸ்டில்ட் வாட்டர் பாட்டில். பாட்டில் காலி. உள்ளே சிலந்தி கூடு கட்டிச் செத்தும் போயிருந்தது.

மூன்றாவது அறையின் வாயில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் எடுத்தான். மெல்லிய வேர். முகர்ந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. வெட்டிவேர். குடிதண்ணீர்ப் பானையில் அம்மா போட்டு வைப்பது.

அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

குருநாதன் அதற்குள் கண்ணாடிக் குழாயை எடுத்துத் தண்ணீரை உறிஞ்சி, டார்ச்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துவிட்டான். பேட்டரியில் ஆசிட் இருந்தால் மிதவை எழும்பி நிற்கும். அது அடியிலேயே கிடந்தது.

"அத்தான், இது எந்திரிக்கவே மாட்டேங்கு. சுத்தப் பச்சத்தண்ணி. எவம்லே இதுல பானத் தண்ணியக் கோரி ஊத்துனது? இதுக்கு வண்டிக்கு வெசத்தக் குடுத்திருக்கலாம்…"

"நாந்தான்."

காந்திமதியம்மாள் வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. குருநாதன் குழாயைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான்.

"வெள்ளிக்கெழம தவறாம ஊத்துனேன். உங்க மாமா கெடையில கெடந்து கேட்டுக்கிட்டே இருப்பாவல்லா. நம்ம கெணத்துத் தண்ணி உப்பு. அதான் பானத் தண்ணியவே ஊத்துனேன்."

குற்றாலிங்கம் வில்வண்டியையும் இரண்டு காளைகளையும் விற்றுத்தான் அந்தப் பழைய அம்பாசடரை வாங்கினார். காளைகள் போயின, பேச்சு போகவில்லை. வண்டி நடுவழியில் நின்றால் 'படுத்துட்டு'. டயர் மாற்றினால் 'லாடம் கட்டியாச்சு'. வாசுதேவநல்லூர் போகும்போது புளியங்குடியில் நிறுத்தி ரேடியேட்டரில் ஊற்றுவது 'தண்ணி காட்டுறது'. பேட்டரிக்கு மட்டும் அந்தப் பேச்சு கிடையாது. அதற்கு மருந்துக் கடைப் பாட்டில்தான். 'டிஸ்டில்ட் வாட்டர்' என்று ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொல்வார்.

இழுத்துக்கொண்ட பிறகு அந்தப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. பேட்டரி என்பது 'பேத்தி' என்று வந்தது. பேத்திக்குத் தண்ணி காட்டு, பேத்திக்குத் தண்ணி காட்டு என்று அவர் தவித்த அன்று, லீவுக்கு வந்திருந்த சங்கரசுப்புவின் மகளைக் கூப்பிட்டு அம்மா ஒரு செம்பு தண்ணீர் குடிக்க வைத்தாள். பிள்ளை குடித்துவிட்டு, "போதுமா தாத்தா?" என்று கேட்டது. அவர் நல்ல கையால் தலையில் அடித்துக்கொண்டு தொழுவத்தைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கோணிய வாயோடு சிரித்தார். அதன்பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அவர் 'தண்ணி காட்டு' என்பதும், அம்மா செம்போடு தொழுவத்துக்குப் போவதும், வந்து "காட்டிட்டேன்" என்பதும் நடந்தது. என்ன தண்ணி என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் இருந்ததிலேயே நல்ல தண்ணீர் அது.

"நான் ஊத்துன தண்ணிலதான் கெட்டுப்போச்சாடா?"

அவள் பேட்டரியைப் பார்த்துக் கேட்கவில்லை. மகனைப் பார்த்தும் கேட்கவில்லை. கை இடுப்பில் பாலாடை மேல் இருந்தது.

டிப்போவில் எவனாவது பேட்டரியில் குடிதண்ணீரை ஊற்றினால் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்துவார்கள். அது சங்கரசுப்புவுக்குத் தெரியும். இரண்டு வருஷம் ஓடாமல் நின்றால் எந்தத் தண்ணீர் ஊற்றினாலும் பேட்டரி செத்துப்போகும். அதுவும் தெரியும். இரண்டில் எது முந்திக்கொண்டது என்று, ஆறு மூடியைத் திறந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

"இல்லம்மா" என்றான். "ஓடாம கெடந்தா பேட்டரி போயிரும். அது ஆயுசு அவ்வளவுதான். நீ ஊத்தாம விட்டிருந்தா எப்பவோ வறண்டு வெடிச்சிருக்கும்."

"குரு என்னமோ வெசம்னானே."

"அவனுக்கு என்ன தெரியும்? டிராக்டர் ஓட்டுதவன்."

"ஆமா அத்த" என்றான் குருநாதன். குழாயில் இருந்த தண்ணீரைச் சத்தமில்லாமல் கீழே விட்டான். "எனக்கு ஒரு எழவும் தெரியாது. சும்மா ஒளறுனேன்."

"தண்ணில ஒண்ணும் இல்லையே?"

"தண்ணில ஒண்ணும் இல்லம்மா."

"நெசமா சொல்லுதியா?"

"டிப்போவுல தெனம் பேட்டரிதான பாக்குதேன்."

அவள் ஆறு மூடிகளையும் பார்த்தாள். அப்பா எப்போதும் செய்வதுபோலச் சங்கரசுப்பு அவற்றை மட்கார்டு மேல் வரிசையாக வைத்திருந்தான்.

"சரி. வாசுதேவநல்லூர்ல மைனி காத்துக் கெடப்பாவ. எதையாவது செஞ்சு கெளம்புங்க."

நாலு எட்டு போனவள் நின்றாள்.

"கேக்கும்போது குடுக்காம எப்பிடிடா இருக்க முடியும்?"

"முடியாதும்மா."

அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். குருநாதன் குனிந்து டயரைப் பார்க்க ஆரம்பித்தான். நாலிலும் காற்று இல்லை. அதைப் பார்க்கக் குனிய வேண்டியதே இல்லை.

"அத்தான். என் நாக்க அறுத்துப் போடணும்."

"பொறவு அறுக்கலாம். டிராக்டர் பேட்டரியக் கழத்து."

"பேசாம டிராக்டர்லயே போய்ட்டு வந்திருவமா? பெட்டில வைக்கோல் போட்டு…"

"அத்தையவா? உன்னைய அந்த வைக்கோல்லயே வச்சுக் கொளுத்திருவா."

டிராக்டர் பேட்டரி பெரியது. அம்பாசடரின் தட்டில் சரியாக உட்காரவில்லை. கட்டையை முட்டுக் கொடுத்துக் கயிற்றால் கட்டினார்கள். பானட் மூட மறுத்தது. அதையும் பம்பரோடு சேர்த்து ஒரு கயிறு. குருநாதன் சைக்கிளில் போய் பெட்ரோல் வாங்கிவந்தான். டாங்கின் அடியில் கிடந்த பழையதை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றினார்கள். கால் பம்பால் மாற்றி மாற்றிக் காற்றடித்தார்கள். ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளி.

சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி இருமியது. நின்றது. மறுபடி இருமி, தொழுவம் நிறையப் புகையைக் கக்கிவிட்டு, ஓடத் தொடங்கியது. உள்ளே ஒப்பாரி ஒரு நொடி நின்று, பிறகு இன்னும் பலமாகக் கேட்டது.

வாசுதேவநல்லூரில் பார்வதியம்மாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை மாற்றி, கையில் ஒரு துணிப்பை. அழுது முடித்த முகம்.

"ஆரன் கேக்கலையே. வேற யார் வண்டியோன்னு இருந்தேன்" என்றாள்.

"துட்டிக்குப் போறப்ப எப்பிடி அத்த அடிக்க?" என்றான் சங்கரசுப்பு.

"உங்கப்பன் தெரு மொனையில வச்சே அடிப்பான். அஞ்சாறு வீடு எட்டிப் பாக்கும். எல்லாரும் பாக்கணும்னுதான அடிக்கது." கயிறு கட்டிய பானட்டைப் பார்த்தாள். "இது என்னலே, மூக்கணாங்கயிறா?"

அவனும் குருநாதனும் அவளை நாற்காலியோடு தூக்கிவந்து, பின்சீட்டில் கால் நீட்டி உட்காரவைத்தார்கள். வெளியே வயல்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் துணிப்பையை மடியில் வைத்து அவற்றைப் பார்த்தபடி வந்தாள். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்.

"சின்னதுல மாட்டுக்குத் தண்ணி காட்டுதேன்னு போயி, தொட்டிக்குள்ள விழுந்துட்டான். நாந்தான் தூக்குனேன். வாயெல்லாம் தண்ணி. தூக்குனதும் என்ன கேட்டான் தெரியுமா? 'மாடு குடிச்சுட்டா?'ன்னு கேட்டான்."

குருநாதன் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

புளியங்குடி தாண்டியபோது ரேடியேட்டர் ஒழுகுவது தெரிந்தது. நிறுத்தவில்லை. சங்கரன்கோவிலில் தெருவுக்குள் திரும்பும் இடத்தில் பார்வதியம்மாள் சொன்னாள்.

"அடிலே."

"அத்த, எல்லாரும்…"

"என் தம்பி வீட்டுக்கு நான் எப்பிடி வருவேன்னு எல்லாருக்கும் தெரியும். அடி."

ஒரு தடவை அடித்தான். நீளமாக.

வீட்டு முன்னால் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்குக் குடம் எடுத்துக்கொண்டு புறப்பட ஆட்கள் தயாராக இருந்தார்கள். பானட் இடுக்கு வழியாக ஆவி புகைந்தது. அம்மா வாசலுக்கு வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனாரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அழுகை உடனே வரவில்லை.

"நாக்கு வறளுது, காந்தி" என்றாள் பார்வதியம்மாள். "எறங்குததுக்கு முன்னால ஒரு வாய்த் தண்ணி குடு."

பேச்சி உள்ளே ஓடப்போனாள்.

"நீ இரு" என்றாள் அம்மா. "நான் எடுத்தாரேன்."

செம்பில் கொண்டுவந்தாள். அத்தை சீட்டில் சாய்ந்தபடியே வாங்கினாள்.

"நிமுந்து உக்காருங்க மைனி. மெல்லக் குடிங்க."

அத்தை குடித்தாள். அம்மா அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு மடக்கும் இறங்கும்வரை. அத்தை செம்பைத் திருப்பிக் கொடுத்து, வாயைத் துடைத்து, "வெட்டிவேர் போட்டிருக்கியா?" என்றாள். பிறகு, "குளுந்து போச்சு" என்றாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. நாலு பேர் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள்.

அம்மா அங்கேயே நின்றாள். செம்பில் பாதித் தண்ணீர் இருந்தது.

சங்கரசுப்பு பானட் கயிற்றை அவிழ்த்தான். துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியை மெல்லத் திருகினான். ஆவி சீறி அடங்கியது. உள்ளே தண்ணீர் கீழே போயிருந்தது. கொஞ்சம் ஆறட்டும் என்று நின்றான். அவளும் நின்றாள்.

"வண்டிக்குத் தண்ணி காட்டணும்மா" என்றான், பிறகு.

அவள் பக்கத்தில் வந்தாள். அங்கே கட்டையில் சாய்ந்து நின்ற டிராக்டர் பேட்டரியைப் பார்த்தாள். பிறகு ரேடியேட்டரின் வாயைப் பார்த்தாள்.

"இதுல நம்ம தண்ணி ஊத்தலாமா மக்கா?"

அவன் துண்டை மடித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"இதுல ஊத்தலாம்மா."

அவள் ஒரு கையைப் பானட்டின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு செம்பைச் சாய்த்தாள். படுத்திருப்பவர் வாயில் விடுவதுபோலக் கொஞ்சம் விட்டு, இறங்கும்வரை காத்திருந்து, இன்னும் கொஞ்சம் விட்டாள்.